கைபேசிக்குத் தெரியாத மலைப்பாதை

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. கூடலூர் இறங்கி, தெப்பக்காடு வழியாகச் சுற்றிப் போனால் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் ஆகும். தலைக்குந்தாவில் பிரிந்து கல்லட்டி மலைப்பாதையில் இறங்கினால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். தூரத்தையும் நேரத்தையும் மட்டுமே கணக்குப் பார்க்கும் ஒரு வரைபடச் செயலி இவற்றில் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள். சரிவு கடுமையானது. சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலேயே இறங்குவார்கள். பாதி வழியில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் இந்தப் பாதையில் பள்ளத்தில் உருண்டு ஐந்து பேர் இறந்தார்கள். வண்டி கிடந்த இடம் தெரியவே இரண்டு நாளானது. அதன் பிறகு, வெளியூர் வாகனங்கள் கல்லட்டி வழியாக மேலே ஏறலாம், கீழே இறங்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது.

இந்த விதி நீலகிரியில் டாக்சி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் தெரியும். டீக்கடைக்காரருக்குத் தெரியும். மலைக்குப் புதிதாக வரும் குடும்பத்துக்குத்தான் தெரியாது. அவர்கள் நம்பி வரும் கைபேசியும் அதைச் சொல்வதில்லை. பயணிகளுக்கான டிஜிட்டல் வழிகாட்டிகளை எப்படி மேம்படுத்தலாம் என்று யோசிக்கும்போது, புதிய வசதிகளைப் பற்றித்தான் பலரும் பேசுகிறார்கள். எனக்கு முதலில் தோன்றுவது இந்த இடைவெளிதான். உள்ளூரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, அது யாருக்கு மிகவும் தேவையோ அவரிடம் போய்ச் சேருவதில்லை.

இதற்கு வரைபட நிறுவனங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. செயலி ஒரு பாதையின் நிலையை எப்படி அறிகிறது? பெரும்பாலும் அந்தச் சாலையில் போகும் கைபேசிகளின் வேகத்தை வைத்து. கல்லட்டியில் உள்ளூர் வண்டிகள் தினமும் இறங்குகின்றன. ஆகவே செயலியின் கண்ணுக்குப் பாதை திறந்திருக்கிறது. வெளியூர் வண்டிகள் இறங்காததால் நெரிசலும் இல்லை. தடை இருப்பதாலேயே அந்தச் சாலை செயலிக்கு இன்னும் நல்ல சாலையாகத் தெரிகிறது. வண்டி உள்ளூர்ப் பதிவெண் கொண்டதா வெளியூரா, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பிரித்துப் பார்க்க யாராவது அதற்குச் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு.

2024 ஜனவரியில் கூடலூரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கர்நாடகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த நண்பர்கள், கூகுள் மேப் காட்டிய விரைவு வழியை நம்பி, செங்குத்தான படிக்கட்டில் காரை இறக்கிவிட்டார்கள். நல்லவேளையாக யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எல்லோருக்கும் அந்த நல்வாய்ப்பு அமைவதில்லை. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, கட்டி முடிக்காத பாலத்தை வழியாகக் கொண்ட கார் ராமகங்கை ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, கொச்சி அருகே கொட்டும் மழையில் வழிகாட்டிச் செயலியைப் பின்பற்றிய காரொன்று பெரியாற்றுக்குள் இறங்கி, இரண்டு இளம் மருத்துவர்கள் உயிரிழந்தார்கள்.

நீலகிரிக்கே திரும்புவோம். இங்கே சாலை விதிகள் நேரத்துக்கு நேரம், மாதத்துக்கு மாதம் மாறும். முதுமலை, பந்திப்பூர் காடுகளின் வழியே மைசூரு செல்லும் சாலை இரவு 9 மணிக்கு மூடி, காலை 6 மணிக்குத்தான் திறக்கும். அந்தச் சாலையில் யானையும் மானும் இரவில் கடப்பதால் வந்த கட்டுப்பாடு அது. கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, திரும்பும்போது கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழிப் பாதை முறை வரும். குன்னூர் சாலையில் நெரிசல் என்றால் மூன்றாவது வழியாக மஞ்சூர், கெத்தை பாதையைச் செயலி காட்டக்கூடும். அது யானைகள் நடமாடும் குறுகலான காட்டுப் பாதை, அங்கே அரசுப் பேருந்தையே யானைகள் மறித்து நிற்பது உண்டு. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் எந்தச் சாலை எப்போது அடைபடும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் இடையே 46 கிலோமீட்டர் ஓடும் மலை ரயிலும் அந்த மழையில் நிற்கும்.

இந்த அறிவிப்புகள் எங்கிருந்து வருகின்றன? மாவட்ட நிர்வாகம், காவல்துறை, வனத்துறை, நெடுஞ்சாலைத்துறை, ரயில்வே என ஆளுக்கு ஒரு பக்கம். கையெழுத்திட்ட கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் செய்தியாளர்களுக்கு அனுப்புகிறார்கள். மறுநாள் உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரி வருகிறது. அந்தப் படத்தை எந்த வரைபடமும் படித்துப் புரிந்துகொள்ளப் போவதில்லை. அதே தகவலை ஒரு வரிசையாக எழுதினால் போதும்: எந்தச் சாலை, எங்கிருந்து எங்குவரை, எந்தத் திசை, எந்த வகை வண்டி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தத் தேதிவரை. இதை ஒரே இடத்தில், யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டால், கூகுளும் எடுத்துக்கொள்ளும், மற்ற செயலிகளும் எடுத்துக்கொள்ளும். 2004-ல் பிரிட்டனில் தொடங்கி இன்று தன்னார்வலர்கள் உலகம் முழுக்க வரைந்துகொண்டிருக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில், நேரத்தையும் வண்டியின் வகையையும் பொறுத்த தடையைச் சாலைக் கோட்டோடு சேர்த்தே பதியும் முறை ஏற்கெனவே இருக்கிறது. வேஸ் என்ற வழிகாட்டிச் செயலி 2014 முதல் அரசு அமைப்புகளிடமிருந்து சாலை மூடல் தகவலைப் பெற்றுக் காட்டும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. தொழில்நுட்பம் காத்திருக்கிறது. தரவு வர வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சாலை இப்போது திறந்திருக்கிறதா என்று பார்ப்பது போதாது. ஊட்டியில் மாலை ஏழரைக்குக் கிளம்புகிறவருக்கு அப்போது சாலை திறந்துதான் இருக்கும். அவர் கூடலூர் இறங்கி, காட்டைக் கடந்து மாநில எல்லையான கக்கநல்லாவைச் சேரும் நேரத்தில் சாலை மூடியிருக்கும். குழந்தைகளோடு இரவில் திரும்பிப் போய் அறை தேடுவது எவ்வளவு சிரமம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அந்த இடத்தை அடையும் நேரத்தில் அது திறந்திருக்குமா என்று செயலி கணக்கிட வேண்டும். இல்லையென்றால் கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சரி, வரைபட நிறுவனங்கள் எப்போது மாறுமோ, அதுவரை காத்திருப்பதா? தேவையில்லை என்று நினைக்கிறேன். நீலகிரிக்குப் பெரும்பாலான சுற்றுலாத் தலங்களுக்குக் கிடைக்காத ஒரு வாசல் கிடைத்திருக்கிறது. அது இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். மலைக்கு வரும் ஒவ்வொரு வெளியூர் வண்டியின் எண்ணும், வகையும், வரும் தேதியும், பயணியின் கைபேசி எண்ணும் வண்டி புறப்படும் முன்பே அரசிடம் வந்துவிடுகின்றன. பதிலுக்குப் பயணிக்குக் கிடைப்பது அனுமதிச் சீட்டு மட்டும். கல்லாறிலும் குஞ்சப்பனையிலும் சோதனைச்சாவடியில் காட்டிவிட்டால் அதன் வேலை முடிந்தது. அந்த இ-பாஸே வழிகாட்டியாக இருக்கலாமே! பாஸ் எடுத்தவருக்கு அவர் வரும் நாளில் எந்தப் பாதையில் ஏற வேண்டும், எதில் இறங்கக் கூடாது, எந்தச் சாலை இரவில் மூடும் என்று தமிழிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் போகட்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால், வழியில் எங்கெங்கே வாட்டர் ஏடிஎம் இருக்கிறது என்பதும் அதில் இருக்கட்டும். பயண நாளில் மண் சரிந்தால் அந்த எண்களுக்கு மட்டும் குறுஞ்செய்தி அனுப்பலாம். ஒரு நிபந்தனை: வாங்கிய கைபேசி எண்ணை வேறு எதற்கும் பயன்படுத்தாமல், பயணம் முடிந்து சில நாட்களில் அழித்துவிட வேண்டும். அந்த உறுதி இல்லாவிட்டால் மக்கள் சரியான எண்ணைத் தர மாட்டார்கள்.

அந்தப் பக்கம் நெட் இல்லாமலும் திறக்க வேண்டும். காட்டுக்குள்ளும் மலை மடிப்புகளிலும் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த செயலி, நம் ரயில் பயணிகள் கோடிக்கணக்கில் பயன்படுத்தும் ‘வேர் இஸ் மை டிரெயின்’. பெங்களூருவில் சிலர் சேர்ந்து உருவாக்கினார்கள். 2018-ல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. ஓடும் ரயிலில் நெட் கிடைக்காது, பெட்டிக்குள் ஜிபிஎஸ்ஸும் தடுமாறும் என்று அதை உருவாக்கியவர்கள் உணர்ந்திருந்தார்கள். ஆகவே, வழியில் உள்ள செல்போன் கோபுரங்களை அடையாளமாகக் கொண்டு ரயில் எங்கே இருக்கிறது என்று காட்டினார்கள். பயணி உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து யோசித்ததால் கிடைத்த வெற்றி அது.

அப்படி யோசித்தால் மலைப்பாதைக்கும் எளிய வழிகள் தென்படும். வளைவுகளுக்கு ஏற்கெனவே எண் உண்டு. பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எண்களை வரைபடத்தில் ஒவ்வொன்றாகப் பதிந்துவிட்டால், 108-ஐ அழைக்கும் ஒருவர் ஒன்பதாவது வளைவுக்கும் பத்தாவது வளைவுக்கும் நடுவில் என்று சொல்வதையே ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் கைபேசியில் புள்ளியாகக் காட்டலாம். இறங்கும் சாலை தொடங்கும் இடத்தில், கியரைக் குறைத்து எஞ்சின் பிடியில் இறங்கும்படி குரல் சொல்லலாம்; ஏறி வரும் வண்டிக்கு வழிவிடச் சொல்லலாம். வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு என்று தமிழில் சொல்லும் குரல் இதையும் சொல்லட்டும்.

பேருந்தில் வருகிறவர்களை மறந்துவிடக் கூடாது. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருபவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. கார்கள் குறைய வேண்டுமென்றால் இவர்கள் கூட வேண்டும். அதற்கு மஞ்சூருக்கோ கோத்தகிரிக்கோ கடைசிப் பேருந்து எப்போது என்று வீட்டிலிருந்தே தெரிய வேண்டும். அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் 2005-ல் சேர்ந்து, பேருந்து நேரங்களை எல்லாச் செயலிகளும் படிக்கும்படி எழுதும் எளிய முறை ஒன்றை வகுத்தன. நிறுத்தம், வழித்தடம், நேரம் என்று சில உரைக் கோப்புகள், அவ்வளவுதான். இன்று உலகெங்கும் அதுவே புழக்கத்தில் இருக்கிறது. நம் பக்கத்திலேயே கொச்சி மெட்ரோ 2018-ல் தன் நேர அட்டவணையை அந்த முறையில் பொதுவில் வைத்தது. ஊட்டிப் பேருந்து நிலையச் சுவரில் இருப்பதையும் அதே முறையில் தட்டச்சு செய்ய வேண்டும். மாறும்போதெல்லாம் திருத்தவும் வேண்டும். ஒவ்வொரு தகவலின் பக்கத்திலும் அது கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதி இருக்க வேண்டும். தேதியில்லாத பேருந்து நேரத்தை நம்பி யாரையும் இருட்டில் நிற்க வைக்கக் கூடாது.

சில இடங்களைக் காட்டாமலிருப்பதும் நல்ல வழிகாட்டியின் கடமை. அனுமதியில்லாத வனப்பகுதியில் உள்ள அருவிகளையும் காட்சி முனைகளையும் ‘யாரும் அறியாத இடம்’ என்று வீடியோவில் போட்டு, வழியையும் இணைத்துவிடுகிறார்கள். அங்கே போகிறவர் அபராதம் கட்டுவதோடு தப்பிக்கலாம். யானையின் வழியில் நிற்கவும் நேரலாம். வனத்துறை தன் எல்லைகளை வரைபடமாகவே வெளியிட்டால் இத்தகைய இடங்களை நீக்கச் சொல்லிக் கேட்க ஓர் ஆதாரம் இருக்கும்.

இவை எல்லாமே ஒரே நாளில் நடக்காது. ஆனால் கல்லட்டி இறக்கத்துக்கான தடையையும் மைசூரு சாலையின் இரவு மூடலையும் இ-பாஸில் தெளிவாக அச்சிடுவதற்குப் பெரிய செலவோ புதிய சட்டமோ வேண்டாம். அடுத்த கோடை சீசன் தொடங்கும் முன் மாவட்ட நிர்வாகம் இதைச் செய்ய வேண்டும். அதுவரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஊட்டியிலிருந்து மசினகுடிக்கோ மைசூருக்கோ காரில் புறப்பட்டால், கைபேசி எந்த வழியைக் காட்டினாலும் கூடலூர் வழியாகவே இறங்குங்கள், இரவு 9 மணிக்குள் காட்டைக் கடந்துவிடும்படி கிளம்புங்கள்.