ஸ்டீயரிங் ஆடுதா? பழைய 407-ல் டை ராட் எண்டை வீட்டிலேயே மாற்றலாமா?

"வண்டி லேசா இழுக்குதுப்பா. ஸ்டீயரிங்கும் கொஞ்சம் ஆடுது. எஃப்.சி. வரும்போது பார்த்துக்கலாம்."

வீட்டில் பழைய டாடா 407 இருப்பவர்களுக்கு இந்த வசனம் புதிதல்ல. 1986-ல் அறிமுகமான வண்டி அது. பல வீடுகளில் பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ் அதன் லோடு வாடகையில்தான் கட்டப்பட்டது. அந்தப் பிள்ளைகள் இன்று சென்னையிலோ கோவையிலோ லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா இன்னமும் அதிகாலையில் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு போகிறார், அதே "கொஞ்சம் ஆடும்" ஸ்டீயரிங்கோடு.

அந்தக் "கொஞ்சம்" என்பது எவ்வளவு? எங்கிருந்து வருகிறது? வீட்டு வாசலிலேயே சரிசெய்ய முடியுமா, பட்டறைக்குத்தான் போகணுமா?

சுருக்கமான பதில்: தேய்ந்த டை ராட் எண்டை மாற்றுவது, கருவியும் பொறுமையும் இருந்தால் வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பாகத்தை மாற்றினால் பணம்தான் தண்டம். கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

ஸ்டீயரிங்கைத் திருப்பினால் என்ன நடக்கிறது?

ஸ்டீயரிங் வீலில் நீங்கள் கொடுக்கும் திருப்பம், அதன் தண்டு வழியாக ஸ்டீயரிங் பாக்ஸுக்குப் போகிறது. பாக்ஸிலிருந்து கீழே தொங்கும் கை போன்ற பாகம்தான் டிராப் ஆர்ம். அது டிராக் லிங்க் என்ற கம்பியைத் தள்ளும், இழுக்கும். டிராக் லிங்க் வலது முன்சக்கரத்தைத் திருப்பும். வலது சக்கரத்தையும் இடது சக்கரத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கும் நீளமான குழாய்தான் டை ராட். அதனால்தான் இரண்டு சக்கரமும் சேர்ந்து திரும்புகின்றன.

இந்தக் கம்பிகளின் முனைகளில் எல்லாம் பந்து மூட்டுகள் இருக்கின்றன. நம் தோள்பட்டை மாதிரி, ஒரு கிண்ணத்துக்குள் ஒரு பந்து. டை ராடின் இரு முனைகளிலும் இருக்கும் மூட்டுகளைத்தான் டை ராட் எண்ட் என்கிறோம். மூட்டைச் சுற்றி ஒரு ரப்பர் மூடி இருக்கும். அது கிழிந்தால் மழைத் தண்ணீரும் மணலும் உள்ளே போகும், கிரீஸ் வெளியே போகும். அப்புறம் தேய்மானம் வேகம் பிடித்துவிடும்.

தேய்ந்துகொண்டே போனால் கடைசியில் பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும். டை ராட் கழன்றால் ஒரு சக்கரம் ஒரு பக்கமும் இன்னொன்று இன்னொரு பக்கமும் போகும். டிராக் லிங்க் கழன்றால் ஸ்டீயரிங் கையில் சும்மா சுற்றும், வண்டி திரும்பாது. பிரேக் போனால் ஹேண்ட் பிரேக் என்று ஒரு மாற்று இருக்கிறது. ஸ்டீயரிங் இணைப்புக்கு அப்படி ஒரு மாற்று கிடையாது. லோடோடு தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் விதி 98 இதற்காகவே இருக்கிறது. ஸ்டீயரிங் வீலில் 30 டிகிரிக்கு மேல் பிளே இருக்கக் கூடாது. பந்து மூட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும். இணைப்புகளில் உள்ள போல்ட்டும் பின்னும் கழன்று வராதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு சின்ன ரப்பர் மூடியும் ஒரு பின்னும் சட்டத்திலேயே இடம்பிடித்திருக்கின்றன என்றால், அவை எவ்வளவு முக்கியம் என்று புரிந்துகொள்ளலாம்.

30 டிகிரி என்பது கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் நடுவே உள்ள இடைவெளி. 45 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கில், விளிம்பில் அளந்தால் சுமார் 12 செ.மீ. வரும். இது அதிகபட்ச வரம்புதான். "இன்னும் 12 செ.மீ. ஆகலையே" என்று காத்திருக்கச் சொல்லும் கணக்கு அல்ல.

8 ஆண்டைத் தாண்டிய சரக்கு வாகனத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் எஃப்.சி. எடுக்க வேண்டும். ஆனால் ரப்பர் மூடி எஃப்.சி. தேதி பார்த்துக் கிழிவதில்லை.

இரண்டு பேர் சோதனை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் டயர்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இன்ஜின் ஆஃப். ஸ்டீயரிங் லாக் இல்லாத வண்டி என்றால், சாவி கீழே படுக்கப்போகிறவர் பாக்கெட்டில் இருக்கட்டும்.

இப்போது ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சின்னச் சின்னதாக ஆட்டணும். இன்னொருவர் கீழே படுத்து, ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துப் பார்க்கணும். நல்ல மூட்டில் இரு பக்கப் பாகமும் ஒரே நேரத்தில் நகரும். தேய்ந்த மூட்டில் ஒன்று முதலில் நகரும், இன்னொன்று கொஞ்சம் தாமதித்து நகரும். அந்தத் தாமதம்தான் நீங்கள் தேடும் ஆட்டம். சில நேரம் "டக்" என்று விரலிலேயே தெரியும்.

பாக்ஸுக்குள் போகும் தண்டு திரும்பியும் டிராப் ஆர்ம் அசையவில்லையா? கோளாறு பாக்ஸில். டிராப் ஆர்ம் உடனே அசைந்து, சக்கரம் தாமதமாகத் திரும்புகிறதா? கோளாறு இடையிலுள்ள மூட்டுகளில்.

இந்தச் சோதனை பவர் இல்லாத ஸ்டீயரிங்குக்கு. பவர் ஸ்டீயரிங் என்றால் இன்ஜின் ஓடினால்தான் சரியாகத் தெரியும். ஓடும் வண்டிக்குக் கீழே வீட்டில் படுக்க வேண்டாம், பட்டறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிங் பின்னா, வீல் பேரிங்கா?

அடுத்தது முன்சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பது. ஆக்சிலுக்குக் கீழே ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டின் மேல் உட்கார வையுங்கள். டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காமல் ஆடினால் கிங் பின். இடது, வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் சந்தேகம் டை ராட் எண்ட் மேல்.

எதை வீட்டில் செய்யலாம், எதைத் தொடக் கூடாது?

டை ராட் எண்ட், டிராக் லிங்க் முனைகள்: செய்யலாம்.

கிங் பின்: வேண்டாம். பழைய பின்னை வெளியே எடுக்கவே பெரும்பாடு. புது புஷ் போட்ட பிறகு அதைப் பின்னின் அளவுக்குத் துல்லியமாகக் கடைய வேண்டும். அது பட்டறை வேலை.

ஸ்டீயரிங் பாக்ஸ்: வேண்டாம். பாக்ஸ் மேலே உள்ள ஸ்க்ரூவைக் கொஞ்சம் முறுக்கினால் ஆட்டம் குறைந்த மாதிரி இருக்கும். மூட்டு தேய்ந்திருக்கும்போது இதைச் செய்தால் நோய் அப்படியே இருக்கும், வலி மட்டும் மறையும். அதிகமாக முறுக்கினால் திரும்பிய ஸ்டீயரிங் நேராக வராது, பாக்ஸும் கெடும்.

வளைந்த டை ராடை அடித்து நிமிர்த்துவது, விரிசல் விட்ட பாகத்துக்கு வெல்டிங் வைப்பது: எங்கேயும், யாரும் செய்யக் கூடாது.

மாற்றுவது எப்படி?

முதல் நாள் ராத்திரியே மூட்டின் நட்டிலும் கிளாம்பிலும் உள்ள மண்ணைச் சுரண்டிவிட்டு, துரு இளக்கும் ஆயில் அடித்து வையுங்கள். பாகம் வாங்கும்போது "லெஃப்ட் ஒண்ணு, ரைட் ஒண்ணு" என்று கேட்டு வாங்கணும். டை ராடின் ஒரு முனையில் வலது மரை, மறு முனையில் இடது மரை. அப்போதுதான் குழாயைச் சுழற்றினாலே நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லும் ஆகாது, அது முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு கட்டாயம்.

1. கழற்றும் முன்பே ஒரு மூட்டின் மையத்திலிருந்து மறு மூட்டின் மையம் வரை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மொபைலில் நாலு போட்டோ எடுங்கள். வெளியே தெரியும் மரைகளையும் எண்ணி வையுங்கள்.

2. ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி உருவுங்கள். கிரீடம் மாதிரி பள்ளம் வெட்டிய நட்டை, அதாவது கேசில் நட்டை, சில சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுசாகக் கழற்ற வேண்டாம். மூட்டு திடீரென்று விடுபடும்போது அது கீழே விழாமல் தடுக்கும்.

3. மூட்டின் தண்டு கூம்பு வடிவத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். இதற்கென உள்ள புல்லர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் தண்டு நுழையும் ஆர்மின் கண்ணை ஒரு பக்கம் கனமான சுத்தியலால் அண்டக் கொடுத்து, எதிர்ப் பக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி அடியுங்கள். நாலைந்து அடியில் விடும். தண்டின் நுனியில் அடித்தால் மரை நசுங்கும். கேஸ் வைத்துச் சூடு காட்டினால் ஆர்மின் உறுதி போய்விடும், வேண்டவே வேண்டாம்.

4. கிளாம்பைத் தளர்த்தி, பழைய எண்டைச் சுழற்றிக் கழற்றுங்கள். எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். புது எண்டை அதே சுற்றுக்குப் போட்டு, எழுதி வைத்த அளவோடு சரிபாருங்கள்.

5. கூம்புப் பகுதியையும் அது உட்காரும் துளையையும் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். அங்கே கிரீஸ் தடவக் கூடாது. நட்டை உங்கள் வண்டியின் மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பின் போடும் துளையும் நட்டின் பள்ளமும் நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள். துளைக்காக ஒருபோதும் தளர்த்தாதீர்கள்.

6. புது ஸ்பிளிட் பின் போட்டு இரு காலையும் மடக்குங்கள். பழைய பின், கட்டுக் கம்பி, ஆணி எதுவும் ஆகாது. இந்த வேலையிலேயே விலை குறைந்த சாமான் இந்தப் பின்தான். நட்டு நடுரோட்டில் கழன்று விழாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் அதுதான்.

7. கிளாம்பை இறுக்கி, கிரீஸ் நிப்பிள் இருந்தால் ரப்பர் மூடி லேசாக உப்பும் வரை கிரீஸ் அடியுங்கள்.

வேலை முடிஞ்சிடுச்சா? இன்னும் இல்லை

டேப் அளவு வண்டியை அலைன்மென்ட் கடை வரை மெதுவாக ஓட்டிப் போக மட்டும்தான். கிளம்பும் முன், முன்சக்கரம் தூக்கியிருக்கும்போதே ஸ்டீயரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை திருப்பி, எதுவும் உரசவில்லை, பிரேக் ஹோஸ் இழுபடவில்லை என்று பாருங்கள். பிறகு சக்கரத்தை இறக்கி, காலி ரோட்டில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

அலைன்மென்ட் ஏன் அன்றைக்கே? ஒரு சின்னக் கணக்கு. டயரின் விட்டம் 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்டயர் இரண்டுக்கும் இடையே முன்பக்க அளவும் பின்பக்க அளவும், இருக்க வேண்டியதைவிட 4 மி.மீ. மாறிவிட்டது. அதாவது 200-ல் ஒரு பங்கு. அப்படியென்றால் ஒவ்வொரு கி.மீ. ஓடும்போதும் இரண்டு டயரும் சேர்ந்து சுமார் 5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகின்றன. 100 கி.மீ. போய்வந்தால் அரை கி.மீ. தூரம் ரப்பரை ரோட்டில் தேய்த்த கணக்கு. ஒரு டை ராட் எண்டில் மிச்சம் பிடித்ததை ஒரு ஜோடி டயரில் விட்டுவிடுவோம்.

எப்போது வண்டியை நகர்த்தவே கூடாது?

மூட்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் தூக்கினாலே லொடலொட என்று ஆடினாலோ, ரப்பர் கிழிந்து உள்ளே பந்து வெளியே தெரிந்தாலோ, ஸ்பிளிட் பின் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தாலோ, அந்த வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. மெக்கானிக் வீட்டுக்கு வரட்டும். ஒரு நாள் லோடு போனால் போகட்டும்.

இதில் எதையும் நீங்களே செய்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. கை பழகாதவர் மெக்கானிக்கிடம் விடுவதுதான் சரி. ஆனால் அந்த முதல் சோதனைக்கு ஸ்பானர்கூட வேண்டாம், பத்து நிமிடம் போதும். அப்பா தனியாக இத்தனை நாள் அதைச் செய்யாததற்குக் காரணம் சோம்பல் அல்ல. ஸ்டீயரிங்கை ஆட்டவும், கீழே படுத்துப் பார்க்கவும் ஒரே ஆளால் முடியாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, "கொஞ்சம் ஆடுது" என்று அவர் சொன்னால், நீங்கள் மேலே ஏறி உட்காருங்கள். எங்கே ஆடுகிறது என்று அவர் விரல் சொல்லிவிடும்.