உங்களுக்குத் தெரியுமா? – அண்ணாமலையார் ஊர்ப் பள்ளிக்கூடங்கள்

★ திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் நடுவே இருக்கிறது அடி அண்ணாமலை. இங்கே மாணிக்கவாசகருக்கும் ஒரு கோயில் உண்டு. அவர் பாடிய திருவெம்பாவையின் இருபது பாடல்களும் அண்ணாமலையில்தான் பிறந்தன என்பது மரபு. மார்கழி வந்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒப்புவித்தல் போட்டி. மூச்சுவிடாமல் பாடி டிபன் பாக்ஸைப் பரிசாகத் தட்டிச் செல்லும் பிள்ளை, அதே பாட்டைப் புத்தகத்தில் எழுத்துக்கூட்டாமல் வாசிக்குமா? அதைப் பிறகு பார்ப்போம்.

★ திருவண்ணாமலையை உலகறியச் செய்தவர் பள்ளியைப் பாதியில் விட்ட மாணவர்! மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்த வேங்கடராமன், 1896 ஆகஸ்ட் 29 அன்று, ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதும் தண்டனையில் பாதியிலேயே எழுந்தார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு ரயிலேறினார். மீதி 2 ரூபாயை வைத்துவிட்டு, கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை என்றும் பொறுப்பாகக் கடிதத்தில் குறித்துவிட்டுத்தான் போனார். செப்டம்பர் 1-இல் அண்ணாமலை வந்து சேர்ந்த அவர்தான் ரமண மகரிஷி. (பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது பின்விளைவுகளை யோசித்துக்கொள்ளுங்கள்.)

★ கார்த்திகை தீபத்துக்கு உள்ளூர்ப் பிள்ளைகள் காத்திருக்க இன்னொரு காரணம் உண்டு. பாதுகாப்புக்கு வரும் ஆயிரக்கணக்கான போலீசார் தங்குவதற்குப் பள்ளிக் கட்டடங்களைத்தான் கேட்பார்கள். வகுப்பறையில் பெட்டி படுக்கை, பிள்ளைகளுக்கு லீவு.

★ 2024 பிளஸ் டூ தேர்வில் தேர்ச்சி விழுக்காட்டில் மாநிலத்திலேயே கடைசி இடம் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு. எவ்வளவு தெரியுமா? 90.47. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பாஸாகியும் கடைசி! முதலிடம் பிடித்த திருப்பூர் 97.45. இந்த ஏழு புள்ளி இடைவெளிக்காக எத்தனை தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் தலைகுனிந்து நின்றிருப்பார்களோ!

★ ஆனால் அந்த இடைவெளிக்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு, திருவண்ணாமலை மாவட்டத்தில் 74. பெண்களை மட்டும் எடுத்தால் சுமார் 65. இங்கே பல வீடுகளில் பிள்ளையின் ரேங்க் கார்டில் கைநாட்டு வைத்தவர் அம்மா.

★ பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தது பாடமா, சோறா? சந்தேகமே வேண்டாம், சோறுதான். 1920-இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சி சோறு போடத் தொடங்கியது. 1956-இல் காமராஜர் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 1989-இல் கருணாநிதி முட்டை சேர்த்தார், 2022-இல் ஸ்டாலின் காலை உணவு. காமராஜருக்குப் பிறகு ஆட்சிகள் மாறி மாறி அடுப்பை அணைக்காமல் பார்த்துக்கொண்ட விஷயம் இது ஒன்றுதான்.

★ மாவட்டத்தின் இன்னொரு மலை ஜவ்வாது. அங்கே சில பள்ளிகளை நடத்துவது வனத்துறை! ஆம், மரத்துக்கும் மானுக்கும் காவல் இருக்கும் அதே துறைதான் வாத்தியார் சம்பளத்தையும் பார்க்கிறது. பழங்குடியினர் நலத்துறைக்கு உண்டு உறைவிடப் பள்ளிகள். பள்ளிக்கல்வித் துறைக்குத் தனிப் பள்ளிகள். ஒரே மலை, மூன்று முதலாளிகள். எல்லாவற்றையும் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். இங்கே ‘உண்டு உறைவிடம்’ சலுகை அல்ல, தேவை. பெற்றோர் மிளகு, காபி அறுவடைக் கூலிக்காகக் கேரளா, கர்நாடகா என்று மலையிறங்கிப் போனால், பிள்ளை ஒன்று பாட்டியிடம் இருக்க வேண்டும், அல்லது புத்தகப் பையைப் போட்டுவிட்டுக் கூடவே போக வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடும் ஒரு பாயும் கிடைக்கிற விடுதிதான் மூன்றாவது வழி.

★ இதே ஜவ்வாது மலையை ஒட்டிய புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, மலையாளிப் பழங்குடிப் பெண், சிவில் நீதிபதித் தேர்வில் வென்றார். முடிவு வந்தது 2024 பிப்ரவரியில், 23 வயதில். குழந்தை பிறந்த இரண்டாம் நாள் காரில் சென்னைக்குப் போய் எழுதிய தேர்வு அது. பள்ளிப் படிப்பு ஏலகிரி மலையில்.

★ இப்போது அந்த மார்கழிக் கேள்வி. பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் ‘அசர்’ ஆய்வு 2022-இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்தபோது, இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசித்தவர்கள் இருபதில் ஒருவர்கூட இல்லை. 2018-இலேயே பத்துக்கு ஒருவர்தான். கொரோனாப் பூட்டு அதையும் பாதியாக்கியது. இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும் என்ற திட்டங்களோடு அரசு ஓடியது. 2024-இல் அந்த அளவு சுமார் 12 விழுக்காட்டுக்கு ஏறியது. ஏற்றம்தான். ஆனாலும் சோறு போட்டு உட்காரவைத்த பிள்ளைக்கு எழுத்து ஏறவில்லை என்றால், தட்டில் பாதியைத்தான் பரிமாறியிருக்கிறோம். பிளஸ் டூ விழுக்காட்டுக்குக் கூட்டம் போடும் அக்கறையில் கால்வாசியாவது மூன்றாம் வகுப்புக்கு வேண்டாமா?

★ அசரின் வாசிப்புச் சோதனை பள்ளியில் நடப்பதில்லை, வீட்டு வாசலில் நடக்கும். பேனாவும் கிடையாது, மார்க்கும் கிடையாது. ஒரே தாளில் சில எழுத்துகள், சில சொற்கள், ஒரு சின்னப் பத்தி, ஒரு குட்டிக்கதை. பிள்ளை எதுவரை வாசிக்கிறது என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். உங்கள் வீட்டு மூன்றாம் வகுப்புக்காரரிடம் போன வருடப் புத்தகத்தின் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். மனப்பாடமான பக்கமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.