மழையைத் தேடி நடக்கும் வெள்ளை விலங்கு

கத்தார் ஏர்வேஸ் விமானத்தின் வாலில் நீண்ட கொம்புகளோடு ஒரு விலங்கின் தலையைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் அரேபிய ஓரிக்ஸ். அரபியில் 'மஹா'. ஆண், பெண் இரண்டுக்குமே கொம்பு உண்டு.

ஏறக்குறைய 70 கிலோ எடையுள்ள இந்த விலங்கு, நிழலே அரிதான பாலைவனத்தில் எப்படிப் பிழைக்கிறது? வெள்ளை ரோமம் வெயிலை வாங்காமல் திருப்பிவிடுகிறது. கோடைப் பகலில் மரத்தடிக்குப் போய், சுடுமணலைக் குளம்பால் சீய்த்துத் தள்ளிவிட்டு, அடியில் குளிர்ந்திருக்கும் மண்ணில் படுத்துக்கொள்ளும். மேய்வது பெரும்பாலும் இரவிலும் விடியலிலும். காற்றின் ஈரத்தைப் புல் உறிஞ்சியிருக்கும் நேரம் அது. அந்த ஈரமே போதும். மாதக்கணக்கில் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடும். தொலைவில் மழை பெய்தால், அங்கே துளிர்க்கும் புல்லை நோக்கி நெடுந்தூரம் நடந்துவிடும். இந்த நடையில்தான் அதன் உயிரே இருக்கிறது.

ஜீப்பும் துப்பாக்கியும் வந்த பிறகு எவ்வளவு நடந்தும் தப்ப முடியவில்லை. 1972-ல் ஓமானின் ஜித்தத் அல்-ஹராசிஸ் சமவெளியில் கடைசிக் காட்டு ஓரிக்ஸ்களும் வீழ்ந்தன. நல்லவேளையாக, பத்தாண்டு முன்பே சிலர் விழித்துக்கொண்டிருந்தார்கள். 1962-ல் ஏடன் பகுதியில் பிடித்தவை, லண்டன், குவைத், சவுதியிலிருந்து வந்தவை எனச் சேர்த்த ஒன்பது விலங்குகளை அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் விலங்குக்காட்சி சாலையில் வைத்துப் பெருக்கினார்கள். அவற்றின் வழிவந்த பத்து, 1982 ஜனவரியில் அதே ஓமான் சமவெளியில் அவிழ்த்துவிடப்பட்டன. காவலுக்கு நின்றவர்கள் அந்த மண்ணின் ஹராசிஸ் மக்கள்.

மந்தை சுமார் 450 ஆனது. 1996-லிருந்து திருடர்கள் வந்தார்கள். இந்த முறை கொல்ல அல்ல, உயிரோடு பிடித்து விற்க. 2007-ல் எஞ்சியவை ஏறத்தாழ 65. அவை வாழ்ந்த காப்பகத்தின் பரப்பையும் ஓமான் அரசு 90 விழுக்காடு வெட்டியது. யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து முதன்முதலாக நீக்கிய இடம் இதுதான். எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் அது.

அப்படியானால் வேலி போட்டால் என்ன? சவுதியின் மஹாஸத் அஸ்-ஸைத் காப்பகத்தில் போட்டார்கள். வேலி வேட்டைக்காரனைத் தடுத்தது. ஓரிக்ஸின் கால்களையும் தடுத்தது. வறட்சி வந்தபோது மழை பெய்த இடத்துக்குப் போக வழியின்றி நூற்றுக்கணக்கில் மடிந்தன.

2011-ல் இந்த இனம் 'அழியும் ஆபத்தில்' என்ற நிலையிலிருந்து ஒரு படி மேலேறியது. அப்போது காட்டில் இருந்தவை சுமார் 1,000. வேலிக்கு மாற்று வழியும் உண்டு. சவுதியிலேயே, ரூப் அல்-காலி பாலைவனத்தின் மேற்கு விளிம்பில் உரூக் பனீ மஆரிழ் என்றொரு காப்பகம் இருக்கிறது. 1995-ல் ஓரிக்ஸ்களை அங்கே விட்டார்கள். வேலி கிடையாது, காவலர்கள்தான் சுற்றி வருகிறார்கள். மழை எந்தப் பக்கம் பெய்தாலும், அந்தப் பக்கம் அவை நடக்கலாம்.