ரூட்டரின் கட்டளைத் திரை

வீட்டு மூலையில் பச்சை விளக்கோடு மினுக்கும் ரூட்டரைத்தான் நம்மில் பெரும்பாலோர் அறிவோம். அதில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் கைப்பேசியில் ஒரு பக்கத்தைத் திறந்து இரண்டு பொத்தான்களை அழுத்தினால் போதும். இணையச் சேவை நிறுவனங்களும் வங்கிகளும் பல்கலைக்கழகங்களும் வைத்திருக்கும் பெரிய ரூட்டர்களிடம் இப்படி வேலை நடக்காது. அந்தப் பெட்டிகளுக்குத் திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. பொறியாளர் தம் மடிக்கணினியைக் கன்சோல் கேபிளால் இணைத்தோ, தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகவோ உள்ளே நுழைகிறார். அவர் முன் விரிவது எழுத்துகள் மட்டுமே கொண்ட திரை. அதில் கருவியின் பெயர், பக்கத்தில் ஒரு குறி, பிறகு துடிக்கும் கர்சர். சிஸ்கோ ரூட்டர்களில் ஓடும் ஐஓஎஸ் மென்பொருளில் அந்தக் குறி '>' என்று இருந்தால் பொறியாளரால் சிலவற்றைப் பார்க்க முடியும், எதையும் மாற்ற முடியாது. '#' என்று இருந்தால் முழு அதிகாரம் கையில் இருக்கிறது. பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் 'கான்ஃபிக்' என்று வந்துவிட்டால், இனித் தட்டும் ஒவ்வொரு வரியும் ரூட்டரின் நடத்தையை மாற்றும். இந்தக் கட்டளைத் திரையை நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும். பெயர், குறி, ஒரு பக்கத்தில் எத்தனை வரி, எத்தனை நிமிடம் சும்மா இருந்தால் இணைப்பு துண்டிக்கப்பட வேண்டும் என்பதெல்லாம் அமைப்புகளாக உள்ளே இருக்கின்றன. பலர் இதை மேசையில் பூங்கொத்து வைப்பது போன்ற அலங்கார வேலையாகக் கருதி ஒதுக்குகிறார்கள். இது அலங்காரத்தில் சேராது, பாதுகாப்பு வேலையின் ஒரு பகுதி என்பது என் வாதம்.

ஒரு வரி என்ன செய்யும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகெங்கும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. வழக்கமான பராமரிப்பின்போது, முதுகெலும்பு வலையமைப்பின் கொள்ளளவை மதிப்பிடுவதற்காகக் கொடுத்த ஒரு கட்டளை அதன் எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது என்று அந்நிறுவனமே விளக்கியது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் பிழை இருந்ததால் அதுவும் தடுக்கவில்லை. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ராஜர்ஸ் நிறுவனத்தில், மேம்பாட்டுப் பணியின் நடுவே ஒரு வடிகட்டி நீக்கப்பட்டது. வழித்தகவல்கள் வெள்ளமாய்ப் பாய்ந்து மைய ரூட்டர்கள் திணறின. கைப்பேசி, இணையம், டெபிட் அட்டைப் பரிவர்த்தனை, அவசர உதவி அழைப்பு எல்லாம் பாதிக்கப்பட்டன. இந்த இரண்டும் திரை அமைப்பின் கோளாறால் நிகழ்ந்தவை என்று நான் சொல்லவில்லை. ஒரு வரிக்கு இவ்வளவு கனம் உண்டு என்பதற்கே இவை சான்று. அன்றாட வேலையில் இதன் சிறு வடிவங்கள் நிறைய. சிஸ்கோ ஸ்விட்சில், பல விலான்களை (வலையமைப்பின் தனித்தனிப் பிரிவுகளை) ஒன்றாகச் சுமக்கும் டிரங்க் இணைப்பில் புதிய விலான் ஒன்றைச் சேர்க்கும்போது 'ஆட்' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால், ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டிருந்த பட்டியல் முழுதும் அழிந்து புதியது ஒன்று மட்டும் நிற்கும். ஐஓஎஸ்ஸில் என்டர் விசையை அழுத்திய கணமே கட்டளை அமலுக்கு வந்துவிடுகிறது. ஜூனிப்பரின் ஜூனோஸ் மென்பொருளைப் போல மாற்றங்களை வரைவாகச் சேர்த்துவைத்து, ஒப்பிட்டுப் பார்த்து, பிறகு 'கமிட்' செய்யும் வசதி அதன் வழக்கமான நடைமுறையில் இல்லை. ஆகவே என்டருக்கு முந்தைய கடைசிக் காவல், பொறியாளரின் கண்ணும் அந்தக் கண்ணுக்குத் திரை காட்டுவதும்தான்.

அந்தத் திரையில் முதன்மையானது ப்ராம்ப்ட், அதாவது வரியின் தொடக்கத்தில் நிற்கும் பெயர். பெட்டியைப் பிரித்து மின்சாரம் கொடுத்ததும் ஐஓஎஸ் ஓடும் சிஸ்கோ ரூட்டர் தன்னை 'ரூட்டர்' என்றே அறிமுகப்படுத்திக்கொள்ளும். ஒரே பெயரில் நான்கு சாளரங்கள் திறந்திருக்கும்போது எது எந்த ஊரில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? கிளை அலுவலக ரூட்டரில் அணைக்க வேண்டிய இன்டர்ஃபேஸை, அதாவது இணைப்பு முனையை, மையத்தில் அணைத்துவிடுவதற்குப் பெரிய அறியாமை தேவையில்லை, சாளரம் மாறினால் போதும். இடம், பணி, வரிசை எண் மூன்றும் தெரியும்படி பெயர் வைப்பதே இதற்கு முதல் மருந்து. ஐஓஎஸ் இதற்கு மேலும் போக விடுகிறது. ப்ராம்ப்டில் கருவியின் பெயரோடு எந்த இணைப்பு எண் வழியாக உள்ளே வந்திருக்கிறோம் என்பதையும் சேர்க்கலாம். நிலையைக் காட்டும் ஒவ்வொரு 'ஷோ' கட்டளையின் விடைக்கு முன்னும் அன்றைய தேதி, நேரம், செயலியின் சுமை ஆகியவை தோன்றும்படியும் செய்யலாம். கோளாறு நேரத்தில் எடுத்த விடைகளைப் பிறகு வரிசைப்படுத்திப் பார்க்கும்போது இந்த நேரக்குறிப்பின் அருமை புரியும். எது முதலில் விழுந்தது, எது அதனால் விழுந்தது என்பதை நினைவை நம்பிச் சொல்ல வேண்டியதில்லை.

தொழிற்சாலை அமைப்புகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று கேட்டால் வரலாற்றுக்குப் போக வேண்டும். 1978இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட விடி100 முனையத்தின் திரையில் 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லெனர்ட் போசாக், சாண்டி லெர்னர் இருவரும் 1984இல் சிஸ்கோவைத் தொடங்கியபோது அதுவே எழுதப்படாத தரமாக இருந்தது. இன்றும் ஐஓஎஸ் 24 வரிகள் காட்டி, 'மோர்' என்று நிறுத்திக் காத்திருக்கிறது. கன்சோலின் இயல்பு வேகம் இன்றும் நொடிக்கு 9600 பிட். ஒரு எழுத்துக்குப் பத்து பிட் என்று கணக்கிட்டால் நொடிக்கு 960 எழுத்து, ஒரு முழுத் திரை நிறைய இரண்டு நொடி. முன்பு தட்டிய கட்டளைகளில் பத்தைத்தான் அது இயல்பாக நினைவில் வைத்திருக்கும், கேட்டுக்கொண்டால் 256 வரை வைத்துக்கொள்ளும். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முந்தைய கண்ணாடித் திரைக்குத் தைத்த சட்டையை அகலத் திரைகளுக்கு முன் உட்கார்ந்திருப்பவர் அப்படியே அணிய வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டு தொல்லைகள் எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். ஒன்று, எழுத்துப்பிழை. தட்டிய ஒற்றைச் சொல்லை ஐஓஎஸ் கட்டளையாக அடையாளம் காணாவிட்டால், அது வேறொரு கணினியின் பெயர் என்று முடிவு செய்து, அதனோடு தொடர்புகொள்ள முயல்கிறது. பெயருக்கான முகவரியைச் சொல்லும் சர்வர் குறிப்பிடப்படாத ரூட்டரில், அந்தக் கேள்வியைத் தன்னோடு நேரடியாக இணைந்த வலையமைப்புகளுக்கு ஒலிபரப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும். அதுவரை திரை உறைந்து நிற்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மீளலாம் என்பது தெரியாதவர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். பாடநூல்கள் தரும் தீர்வு, பெயர் தேடும் வசதியையே அணைத்துவிடுவது. எனக்கு அது மிகையாகத் தோன்றுகிறது. அணைத்தபின் நேரம் சொல்லும் சர்வரைப் பெயரால் குறிப்பிடவோ, பெயரைச் சொல்லி பிங் செய்யவோ ரூட்டரால் முடியாது. அந்தந்த இணைப்பு வரியில் 'டிரான்ஸ்போர்ட் பிரிஃபர்டு நன்' என்று எழுதினால், தெரியாத சொல்லைக் கணினிப் பெயராக எடுத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் நிற்கும், மற்றவை அப்படியே இருக்கும். இரண்டாவது தொல்லை, குறுக்கீடு. பாதி கட்டளை தட்டியிருக்கும்போது ஏதோ ஒரு இன்டர்ஃபேஸ் விழுந்த செய்தி திரையில் வந்து கொட்டுகிறது. தட்டிய பாதி அதற்குள் புதைந்துவிடுகிறது. என்ன எழுதினோம் என்று தெரியாமலே என்டரை அழுத்துகிறவர்கள் உண்டு. மேலே சொன்ன 'ஆட்' எழுதியாயிற்றா இல்லையா என்று அந்தக் குழப்பத்தில் யாருக்குத் தெரியும்? 'லாகிங் சிங்க்ரனஸ்' என்ற ஒரே அமைப்பு, செய்தி முடிந்ததும் தட்டிய பாதியைப் புது வரியில் மறுபடி எழுதிக் காட்டிவிடும். இதைச் செய்யாமல் விடுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

திரை அமைப்பு சில வேளை கருவியின் உயிரையே தொடும். ரூட்டர் தன் செய்திகளை இயல்பாகக் கன்சோலுக்கு அனுப்புகிறது. அந்தக் கன்சோலோ நொடிக்கு 960 எழுத்து மட்டுமே விழுங்கக்கூடியது, அந்த வேலைக்காகச் செயலியையும் அடிக்கடி இடைமறிப்பது. பரபரப்பான ரூட்டரில் உள்ளே நடப்பதை விரிவாக எழுதிக் காட்டும் 'டீபக்' கட்டளை ஒன்றை யாராவது இயக்கிவிட்டால் செய்திகள் ஆயிரக்கணக்கில் பிறக்கும். அவற்றைக் குறுகிய குழாயில் தள்ளுவதிலேயே செயலி மூழ்கிப்போய், கட்டளைக்கும் பதில் சொல்லாத நிலைக்கு ரூட்டர் போகலாம். செய்திகளை நினைவகத்துக்குத் திருப்பிவிட்டு, கன்சோலுக்கு அவசரமானவை மட்டும் போகும்படி மட்டுப்படுத்துவது அதனால்தான் அனுபவசாலிகளின் வழக்கம்.

வசதியும் பாதுகாப்பும் நேருக்கு நேர் மோதும் இடம் ஒன்று உண்டு. பத்து நிமிடம் விசை எதுவும் அழுத்தாவிட்டால் ஐஓஎஸ் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆய்வகத்தில் இது எரிச்சல் தருவதால் காலத்தைச் சுழியமாக்கிவிடுவார்கள், அதாவது துண்டிப்பே கிடையாது. அந்தப் பழக்கம் உண்மையான வலையமைப்புக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. விளைவு இரு வகை. கன்சோலில் '#' குறியோடு விட்டுப்போன இணைப்பு, அடுத்து கேபிளைச் செருகுபவர் யாராயினும் அவருக்குக் கடவுச்சொல் கேட்காமல் முழு அதிகாரத்தைத் தரும். தொலைவழி வரிகளோ பல ரூட்டர்களில் ஐந்துதான் திறந்திருக்கும். கைவிடப்பட்ட ஐந்து இணைப்புகள் அவற்றை அடைத்துக்கொண்டால், கோளாறு நேரத்தில் உரியவரே உள்ளே நுழைய முடியாது. கால அளவை நீட்டலாம், சுழியமாக்கக் கூடாது என்பது என் முடிவு. பேனர் எனப்படும் முகப்பு அறிவிப்பிலும் இதே கவனம் வேண்டும். உள்நுழையும் முன் தோன்றும் அறிவிப்பை யாரும் பார்க்கலாம். ஆகவே அங்கே அனுமதி பற்றிய எச்சரிக்கை மட்டும் போதும். கருவியின் பணியையும், தொடும் முன் யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் உள்நுழைந்த பின் தோன்றும் அறிவிப்பில் வைக்கலாம்.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. ஆளுக்கு ஆள் திரையை மாற்றிவைத்தால் அடுத்தவருக்குப் புரியாது, நள்ளிரவில் அழைக்கப்பட்டு வருபவர் பழக்கமில்லாத இடத்தில் தடுமாறுவார் என்கிறார்கள். சரியான கவலைதான். இதற்கு விடையை ஐஓஎஸ்ஸின் அமைப்பே தருகிறது. 'டெர்மினல்' என்று தொடங்கும் கட்டளைகள் அந்த ஒரு இணைப்புக்கு மட்டும் செல்லும், வெளியேறியதும் மறைந்துவிடும். திரையின் நீளம், அகலம், பழைய கட்டளைகளின் எண்ணிக்கை, நேரக்குறிப்பு போன்ற தனிமனித விருப்பங்களுக்கு அதுவே இடம். பெயர், பேனர், கால அளவு, செய்திகளின் ஒழுங்கு ஆகியவை கருவிக்கு உரியவை. அவற்றை நிறுவனம் முடிவு செய்து எல்லாப் பெட்டிகளிலும் ஒன்றுபோல வைக்க வேண்டும். நீண்ட கட்டளைக்குச் சுருக்கப்பெயர் சூட்டும் 'அலியாஸ்' வசதியில் மட்டும் நான் மறுப்பாளர்களின் பக்கம் சாய்கிறேன். 'ஷோ' போன்ற பார்க்கும் கட்டளைகளுக்குச் சுருக்கம் வைப்பதில் தீங்கில்லை. கருவியை மாற்றும் கட்டளையை இரண்டு எழுத்துக்குள் ஒளித்துவைப்பது தவறு. ஒரே சுருக்கம் வேறொரு ரூட்டரில் வேறு பொருள் தரலாம், தட்டுபவர் தாம் எதைத் தட்டுகிறோம் என்பதைப் படிக்கும் வாய்ப்பையும் அது பறித்துவிடும்.

தானியங்கி ஸ்கிரிப்ட்கள் உடையும் என்பது இன்னொரு மறுப்பு. நெட்மிக்கோ போன்ற பைத்தான் நூலகங்கள் ப்ராம்ப்டைப் பார்த்துத்தான் விடை முடிந்தது என்று அறிகின்றன. விசித்திரமான ப்ராம்ப்டும் விடைக்கு முன் வரும் நேரக்குறிப்பும் அவற்றைக் குழப்பும். ஆனால் அந்த நூலகம் தானே உள்ளே நுழைந்ததும் செய்யும் முதல் வேலைகளைப் பாருங்கள். பக்கம் நிறுத்துவதை அணைக்கிறது, திரையின் அகலத்தை 511 எழுத்தாக்குகிறது, அதுவும் தன் இணைப்புக்கு மட்டும். நிரலே தனக்கேற்ற சூழலை அமைத்துக்கொள்ளும்போது மனிதர் அமைத்துக்கொள்வதில் பிழை காண முடியாது.

கட்டளைத் திரையின் காலமே முடிந்துவிட்டது, நிரல் வழியாகக் கருவியின் அமைப்புகளை மாற்றும் நெட்கான்ஃப் போன்ற நெறிமுறைகள் 2006 முதலே இருக்கின்றன என்பாரும் உண்டு. பெரிய வலையமைப்புகளின் அன்றாட மாற்றங்கள் அந்தப் பக்கம் நகர்ந்திருப்பது உண்மை, நல்லதும்கூட. ஆனால் வலையமைப்பே விழுந்துவிட்டால் அந்த நெறிமுறைகள் பயணிக்க வழி ஏது? 2021இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் தொலைவிலிருந்து எதையும் எட்ட முடியாமல், தரவு மையங்களுக்கு ஆட்களை நேரில் அனுப்ப வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் ரூட்டரின் முன் நிற்பவருக்கு மிஞ்சுவது கன்சோல்தான், அதுவும் பதற்றத்தின் உச்சத்தில்.

கற்கத் தொடங்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரூட்டர் கையில் கிடைத்ததும் ரூட்டிங் பாடத்துக்கு முன் பெயர், செய்தி ஒழுங்கு, கால அளவு மூன்றையும் சரிசெய்யுங்கள். தொலைவிலிருந்து ஆபத்தான மாற்றம் செய்யும் முன் 'ரீலோடு இன் 10' என்று தட்டுங்கள். உங்கள் இணைப்பை நீங்களே அறுத்துக்கொண்டாலும், பத்து நிமிடத்தில் ரூட்டர் மறுபடி தொடங்கிச் சேமித்துவைத்த பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஜூனோஸில் 'கமிட் கன்ஃபர்ம்டு' இதே வேலையை மறுதொடக்கம் இல்லாமலே செய்கிறது, அதன் இயல்புக் காலமும் பத்து நிமிடம். எல்லாம் சரியாக இருந்தால் ரீலோடை ரத்து செய்துவிட்டு, 'ரைட் மெமரி' கொடுத்துச் சேமியுங்கள். ஐஓஎஸ்ஸில் செய்த மாற்றங்கள் சேமிக்கும் வரை தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும், மின்சாரம் போனால் அவையும் போய்விடும்.