சதுரங்கம் பயில்தலும் சதுரங்கப் பொறி ஆக்கலும்

கையடக்கத் தொலைபேசியில் அடங்கும் ஒரு நிரல், உலக வாகை சூடிய வீரரையும் வென்றுவிடும் காலம் இது. அவ்வாறிருக்க, பிள்ளைகள் ஆண்டுக்கணக்காகச் சதுரங்கம் பயில்வதனால் யாது பயன் என்று பெற்றோர் வினவுதல் இயல்பே. இவ்வினாவுக்குள் மற்றொரு வினாவும் மறைந்து கிடக்கின்றது. சதுரங்கத்தில் வல்லவராதல் அரிதா, வல்லமையுடன் ஆடும் பொறியை ஆக்குதல் அரிதா என்பதே அது.

பொறி ஆக்குவோர் எதிர்நோக்கிய இடர் சிறிதன்று. சதுரங்கத்தில் நிகழக்கூடிய ஆட்டங்களின் தொகையை, 1 ஐத் தொடர்ந்து 120 சுழியங்கள் இட்டு எழுதத்தக்க எண்ணாக 1950 ஆம் ஆண்டில் மதிப்பிட்டார் அமெரிக்க அறிஞர் குளோட் ஷானன். அத்தனையையும் ஆராய்தல் எக்கணினிக்கும் ஆகாது. எவ்வழியை ஆராய்வது, எதனை விடுவது, ஒரு நிலையின் நன்மை தீமைகளை எவ்வாறு எண்ணால் அளப்பது என்பவற்றையெல்லாம் அமைப்போரே வகுத்தல் வேண்டும். சூ ஃபெங்சியுங் என்பார் 1985 இல் தொடங்கிய முயற்சி, பலர் துணையுடன் வளர்ந்து, 1997 மே மாதத்தில் 'டீப் புளூ' கணினி காஸ்பரோவை வென்றபோதே முழுப் பயனை எய்தியது. அக்கணினி நொடிக்கு 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது.

ஆட்டக்காரர் பக்கம் நோக்குவோம். சென்னையைச் சேர்ந்த குகேஷ் 2013 இல் ஆடக் கற்றார். 2024 டிசெம்பரில், 18 ஆம் வயதில், சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலக வாகையரானார். பொறிக்கு 12 ஆண்டுகள். சிறுவருக்கு 11 ஆண்டுகள். ஆகவே ஆண்டுக் கணக்கு இவ்வழக்கைத் தீர்க்காது.

ஒன்றில் வல்லமை மற்றொன்றைத் தருவதுமில்லை. உலக வாகையரும் மின்பொறியியலாளருமான போத்வினிக், பல்லாண்டுகள் உழைத்தும் வலிமைமிக்க சதுரங்க நிரலொன்றை ஆக்க இயலவில்லை. சூ ஃபெங்சியுங்கோ பெருவீரரல்லர்.

உண்மையான வேறுபாடு பிறிதோரிடத்தில் உளது. திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழங்களை ஒருவர் அளந்து வரைபடமாக்கினால், பின்வருவோர் அனைவரும் அதனைக் கைக்கொள்ளலாம். ஆனால் கப்பலைத் துறைக்குள் நடத்தும் கைத்திறனை ஒவ்வொரு வழிகாட்டியும் தாமே முதலிலிருந்து ஈட்டுதல் வேண்டும். பொறியாக்கம் வரைபடத்தைப் போன்றது. 'ஸ்டாக்ஃபிஷ்' என்னும் வலிய நிரலின் மூலம் இன்று யாவர்க்கும் இலவசமாய்க் கிடைக்கின்றது. மாணவரொருவர் அதனைப் படியெடுத்துத் திருத்தவும் கூடும். குகேஷின் திறனை அங்ஙனம் படியெடுத்தல் இயலாது.

ஆதலின், முதன்முதல் வலிய பொறியை ஆக்கியோர் பணி மிக அரிது. இன்று அவ்வழியே செல்வோர்க்கு அது எளிதாகியுள்ளது. வல்லவராதலோ ஒவ்வொரு பிள்ளைக்கும் அன்றுபோல் இன்றும் அரிதே. பொறி நல்ல நகர்த்தலைக் காட்டும். அதனைக் கண்டறியும் உழைப்பைப் பிள்ளைக்காகச் செய்துவிடாது. குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, தொடக்க ஆண்டுகளில் அவரைப் பொறிகளின் துணையின்றியே பயிலச் செய்தமையின் நோக்கம் இதுவே. விடையை முன்னரே காண்பவன் சிந்திக்கக் கற்பதில்லை. பெற்றோர் கேட்கும் பயன் அச்சிந்தனைப் பயிற்சியே.