கணினி இல்லாமலே கணினி கற்போம்

"எங்க வீட்டுல கம்ப்யூட்டர் இல்ல. அந்த குரூப் எனக்குச் சரிப்பட்டு வராது." பிளஸ் 1 சேரும் நேரத்தில் நம் காலனிப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் ஒதுங்குகிறார்கள். கருவி இல்லாத குறையைத் தங்கள் மூளையின் குறையாக எண்ணிக்கொள்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்ட நமக்கு இந்தத் தயக்கம் புதிதல்ல.

ஆனால், கணினி அறிவியலின் அடிப்படையைக் கற்கக் கணினியே தேவையில்லை. புரோகிராம் எழுதவும் வேண்டாம். நியூசிலாந்தில் உள்ள கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் டிம் பெல், தம் துறை அறிஞர்களான மைக் ஃபெல்லோஸ், இயன் விட்டன் ஆகியோருடன் சேர்ந்து 1990களில் இதற்கென ஒரு பாடமுறையை உருவாக்கினார். 'கம்ப்யூட்டர் சயின்ஸ் அன்பிளக்டு' என்பது அதன் பெயர். மின்சாரம்கூட வேண்டாம் என்பதே அதன் பொருள்.

நம் தெருவிலேயே செய்து பார்ப்போம். பழைய அட்டைகள் ஐந்தை எடுத்து, ஒரு பக்கத்தில் மட்டும் முறையே 16, 8, 4, 2, 1 எனப் புள்ளிகள் வைப்போம். ஐந்து பிள்ளைகள் அந்த வரிசையிலேயே நின்று ஆளுக்கொன்றைப் பிடிக்கட்டும். புள்ளி தெரிந்தால் 1, திருப்பிப் பிடித்தால் 0. '9 காட்டுங்கள்' என்றால் 8-ம் 1-ம் மட்டும் புள்ளியைக் காட்ட வேண்டும், அது 01001. இந்த ஐந்து அட்டைகளில் 0 முதல் 31 வரை எல்லா எண்களும் வந்துவிடும். ஆறாவது அட்டைக்கு எத்தனை புள்ளி என்று கேளுங்கள். ஒவ்வொன்றும் இரட்டிப்பாவதைக் கவனித்த பிள்ளை 32 என்று தானே சொல்லிவிடும். இதுதான் இரும எண். செல்போனில் உள்ள எழுத்து, படம், பாட்டு எல்லாம் இப்படி 0, 1 ஆகத்தான் சேமிக்கப்படுகின்றன.

இன்னொரு விளையாட்டு. 1 முதல் 100 வரை ஓர் எண்ணை ஒருவர் நினைத்துக்கொள்ளட்டும். '50-க்கு மேலா?' என்று பாதி பாதியாகக் குறைத்துக் கேட்டால், ஏழே கேள்விகளில் பிடித்துவிடலாம். வரிசைப்படுத்திய பட்டியலில் கணினி ஒரு பெயரைத் தேடும் வழிகளில் இதுவும் ஒன்று.

இதனால் பள்ளிக்குக் கணினி ஆய்வகம் வேண்டாம் என்று ஆகிவிடாது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உட்பட எல்லா அரசுப் பள்ளிகளிலும் ஓடுகிற கணினியும், சொல்லித்தர ஆசிரியரும் வேண்டும். அதைக் கேட்பது நம் உரிமை. அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். கல்லூரியில் படிக்கும் நம் அண்ணன், அக்காக்கள் மாலை வகுப்பில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஆய்வகக் கதவு திறக்கும் நாளில், நம் பிள்ளைகள் வாசலில் தயங்கி நிற்கக் கூடாது.