சப்பாத்தில் எழுதிய பெயர்

நாயாற்றுக் கரையில் கருவாடு போடும் பெண்கள் குழுவொன்றின் கூட்டத்துக்கு அண்மையில் போயிருந்தேன். கொட்டில் வாசலில் கிடந்த ஒரு சோடிச் செருப்பைக் காட்டி யாருடையது என்று கேட்டேன். "அது என்ரை பாட்டா, மிஸ்" என்றார் ஓர் அம்மா. குனிந்து பார்த்தால் அதில் டி.எஸ்.ஐ. என்று இருந்தது.

எமது ஊர்களில் இறப்பர்ச் செருப்பு எல்லாமே பாட்டாதான். அது ஒரு குடும்பத்தின் பெயர். 1894 ஆம் ஆண்டு, இன்றைய செக் நாட்டிலுள்ள சிலின் நகரில் தோமஸ் பாட்டா தன் அண்ணனோடும் அக்கா அன்னாவோடும் சேர்ந்து தொடங்கிய சப்பாத்துத் தொழில் அது. எங்கள் வாயில் அந்தப் பெயர் செருப்பாகவே மாறிவிட்டது.

அன்றைய கூட்டமும் பெயர் பற்றியதுதான். இவர்களின் நெத்தலிக் கருவாட்டைச் சாக்கோடு வாங்கும் வியாபாரி, சிறு பொதிகளாக்கித் தன் பெயரை ஒட்டி விற்கிறார். நாங்களே பெயர் போட்டு விற்றால் என்ன என்பது சிலரின் யோசனை. "கருவாடு நல்லா இருந்தால் காணும்தானே, பெயர் என்னத்துக்கு?" என்றார் ஓர் அக்கா. அதற்குத்தான் இரண்டு சப்பாத்துக் கதைகளைச் சொன்னேன்.

முதலாவது நைக். அதன் வளைந்த கோட்டை இங்குள்ள பிள்ளைகளின் பெனியன்களிலும் காணலாம். 1971 இல் அதை வரைந்தவர் கரோலின் டேவிட்சன் என்ற அமெரிக்க மாணவி. மணித்தியாலத்துக்கு 2 டொலர் கணக்கில் அவருக்குக் கிடைத்தது 35 டொலர். ஆரம்பத்தில் கோட்டின் மேல் கொம்பனியின் பெயர் சாய்ந்த எழுத்தில் இருந்தது. 1978 இல் அது தடித்த பெரிய எழுத்தானது. 1995 இல் பெயரையே எடுத்துவிட்டார்கள், கோடு மட்டும் போதும் என்றாகிவிட்டது. 1983 இல் கரோலினுக்கு ஒரு மோதிரமும் பங்குகளும் கொடுத்தார்கள். கொடுத்தது நல்லதுதான், ஆனால் பன்னிரண்டு வருடம் சென்றது.

மற்றக் கதை எனக்கு அதிகம் பிடித்தது. சல்வத்தோரே ஃபெரகாமோ இத்தாலியின் ஓர் ஏழைக் குடும்பத்தில் பதினான்கு பிள்ளைகளில் ஒருவர். அமெரிக்கா சென்று சினிமா நடிகைகளுக்குச் சப்பாத்துத் தைத்து, 1927 இல் திரும்பி வந்து புளோரன்சில் கடை போட்டார். 1935 இல் இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்ததும் பொருளாதாரத் தடை வந்தது. குதிச் சப்பாத்தின் நடுவில் வைக்கும் நல்ல உருக்குத் தகடு கிடைக்கவில்லை. அவர் தக்கையை அடுக்கி, அடிப்பாகம் முழுவதையும் உயர்த்தினார். பெண்கள் இன்று போடும் 'வெட்ஜ்' செருப்பு அப்படிப் பரவியதுதான். தோல் இல்லாதபோது இனிப்புச் சுற்றும் கண்ணாடித்தாளிலும் சப்பாத்துச் செய்தார். பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த எமக்கு இது விளங்காததல்ல. சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் மாற்றுத் தேடியவர்கள்தானே நாங்கள்.

1960 இல் அவர் இறந்தார். மனைவி வந்தாவுக்கு அப்போது 38 வயது, ஆறு பிள்ளைகள். அதுவரை தொழில் பார்த்தறியாதவர். விற்றுவிடாமல், கணவரின் கையெழுத்தே முத்திரையாக இருந்த அந்தத் தொழிலை அவரே பொறுப்பெடுத்தார். மூத்த மகள் ஃபியம்மா 1978 இல் வடிவமைத்த 'வாரா' சப்பாத்தின் முன்னால் ஒரு ரிபன் முடிச்சும் அந்தப் பெயர் பொறித்த சிறு தகடும் இருந்தன. சப்பாத்துக்கு உள்ளே மறைந்திருக்கும் பெயர் வெளியே வந்து அழகாகிவிட்டது. வந்தா 2018 இல் காலமானார். 2022 இல் முதற்பெயரையும் கையெழுத்தையும் விட்டு, 'ஃபெரகாமோ' என்று நேரான பெரிய எழுத்துகளில் போட்டார்கள். எனக்கென்னவோ பழைய கையெழுத்துத்தான் வடிவு.

"அந்த மனுசிக்கு ஆறு பிள்ளையளோ?" என்று பெயர் வேண்டாமென்ற அக்கா கேட்டார்.

சின்னத்தைப் பதிவு செய்வது கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு 10 வருடத்துக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். குழுவின் பெயரிலேயே பதிய வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

2004 சுனாமியில் போன தன் கணவரின் படகுப் பெயரை வைக்கலாமோ என்று ஓர் அம்மா மெதுவாகக் கேட்டார். ஒருவரும் மறுக்கவில்லை. பாடசாலை செல்லும் அவரின் பேத்தி கொப்பித் தாளில் படகொன்றைக் கீறிக் காட்டினாள். அவளுக்கு என்ன கொடுப்பது என்பதில்தான் வாக்குவாதம். முடிவு அடுத்த கூட்டத்தில்.